தம்பியின் ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 11. ஜி.வி.ஹெச்.டி.க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

#1 · மழைக்குருவி

வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படிப்பதோடு சரி. இப்போது கேட்க வேண்டிய நிலைமை.

தம்பிக்கு ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய். ஸ்டெம் செல் மாற்று முடிந்து ஐந்தாவது மாதம் நடக்கிறது. டோனர் நான்தான். செல்கள் பிடித்துக்கொண்டன, கவுண்ட் ஏறியது, வீட்டுக்கும் வந்துவிட்டான். கொஞ்ச நாளாக வாய்க்குள் எரிச்சல், கண்ணில் ஓயாத உறுத்தல், முன்கையில் தடிப்பு. நாட்பட்ட ஜி.வி.ஹெச்.டி. (டோனரின் செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்குவது) என்று சொல்லி ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து முன்பிருந்தே போகிறது.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11. வைட்டமின் ஏ-யும் குறைவு. பி12 மட்டும் அளவுக்கு மேல். உறவுக்காரர் ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வைட்டமின் இல்லாததால்தான் இதெல்லாம் வந்தது. தினமும் வெயிலில் நிற்கச் சொல், எதிர்ப்புச் சக்தி மாத்திரை கொடு" என்று ஒரு பட்டியலே அனுப்பிவிட்டார். அடுத்த ஓ.பி.க்கு இன்னும் நாள் இருக்கிறது. வைட்டமின் குறைந்ததால் ஜி.வி.ஹெச்.டி. வந்ததா, ஜி.வி.ஹெச்.டி. வந்ததால் வைட்டமின் குறைந்ததா?

இன்னொன்று. என் செல்தான் அவனைப் போட்டுப் படுத்துகிறது என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. சும்மா சொன்னேன்.

#2 · வேம்பு

கவலைப்படாதீர்கள் சகோதரி. உங்கள் உறவினர் சொன்னதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், டி நான்கும் சேர்த்துக் கொடுத்தால் உடம்பு தானாகத் தேறும். சி எவ்வளவு எடுத்தாலும் மிச்சம் சிறுநீரில் போய்விடும், பயமே இல்லை. காளான் சாறு மாத்திரைகளும் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று படித்திருக்கிறேன்.

#3 · பழையகட்டில்

வேம்பு, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்து.

நானும் மாற்று செய்துகொண்டவன்தான், ஜி.வி.ஹெச்.டி.யோடு சில வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தம்பிக்கு எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்பது பாதி உண்மைதான். கிருமியை எதிர்க்கும் பக்கம் இன்னும் பலவீனம். ஆனால் டோனரிடமிருந்து வந்த டி லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் (இந்த 'டி' ஆங்கில T, வைட்டமின் டி அல்ல) அவர் தோலையும் வாயையும் கண்ணையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்குகின்றன. அந்தப் பக்கம் எதிர்ப்பு அதிகம். அதை அடக்கத்தான் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். ஒரு கையால் அதை அடக்கிக்கொண்டு இன்னொரு கையால் "எதிர்ப்புச் சக்தி ஏற்றும்" மாத்திரையைக் கொடுப்பதில் என்ன அர்த்தம்? எக்கினேசியா மூலிகை, காளான் சாறு மாதிரி நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்று விற்கப்படுபவை எதுவும் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டாக்ரோலிமஸ் அளவைக் கீழே தள்ளிவிடும். கிரேப்ஃப்ரூட் பழம் மேலே ஏற்றிவிடும். இரண்டுமே வம்பு.

வெயிலும் வேண்டாம். புற ஊதாக் கதிர் பட்டால் தோல் ஜி.வி.ஹெச்.டி. கிளம்பும், இருப்பது மோசமாகும். பூஞ்சைத் தொற்று வராமலிருக்க வோரிகோனசோல் எடுப்பவர் என்றால் தோல் இன்னும் சீக்கிரம் கருகும், நாட்பட எடுத்தால் தோல் புற்றுநோய் அபாயமும் கூடும். வைட்டமின் டி வேண்டுமென்றால் மாத்திரையில் வாங்கிக்கொள்ளலாம்.

மழைக்குருவி, கடைசியாக எழுதினீர்களே, அதற்கு ஒன்று சொல்கிறேன். பெண் டோனர், ஆண் நோயாளி என்றால் நாட்பட்ட ஜி.வி.ஹெச்.டி. கொஞ்சம் அதிகம் வரும் என்பது டாக்டர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் உங்கள் பொருத்தம் அவ்வளவு மதிப்பானது. அதோடு, அவர் தோலைத் தாக்கும் அதே செல்கள் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களையும் தேடிப் பிடிக்கும். நாட்பட்ட ஜி.வி.ஹெச்.டி. வந்தவர்களிடம் நோய் திரும்புவது குறைவாக இருப்பது பல காலமாகப் பார்த்த விஷயம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

#4 · உணவுத்தட்டு

மாற்று சிகிச்சை வார்டில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். மாத்திரை அளவெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன், அது உங்கள் டாக்டர் வேலை. ஏன் குறைகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

மாற்றுக்கு முன் கொடுக்கும் கீமோவில் வாயிலிருந்து குடல் வரை உள்தோல் உரிந்துவிடுகிறது. வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிட முடியாது. அப்போதே கையிருப்பு கரையத் தொடங்கும். அப்புறம் குடலில் ஜி.வி.ஹெச்.டி. வந்தால் சாப்பிட்டதும் உறிஞ்சப்படாது. கல்லீரலில் வந்தால் பித்தநீர் ஓட்டம் குறையும். பித்தநீர் இல்லாமல் கொழுப்பு செரிக்காது, கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கும் அதோடு போய்விடும். இந்த நான்கும் சேர்ந்து இறங்கினால் நான் முதலில் கேட்பது "மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறதா?" என்றுதான். அப்படியானால் வைட்டமின் குறைவு ஒரு தகவல். பிரச்சினை குடலிலோ, கல்லீரலிலோ, கணையத்திலோ இருக்கிறது.

டி-க்கு மட்டும் கூடுதலாக இரண்டு காரணம். ஒன்று, எல்லோரும் வெயிலுக்கு ஒளிந்து வாழ்கிறார்கள். இரண்டு, பலருக்கு மாற்றுக்கு முன்பே குறைவாகத்தான் இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தம்பிக்குச் சேர்க்கையின்போது எடுத்த அளவு பழைய ஃபைலில் இருக்கிறதா பாருங்கள். அப்போதும் 12, 13 என்றால் ஜி.வி.ஹெச்.டி.யை இதில் இழுக்கவே தேவையில்லை.

கே-யையும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் போனால் குடல் பாக்டீரியா அழிந்து, சாப்பாடும் சரியில்லை என்றால் ஐ.என்.ஆர். ஏறும், அதாவது ரத்தம் உறையத் தாமதமாகும். மூக்கில் ரத்தம் வந்தால் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது.

பி1, அதாவது தயமின். இதுதான் எனக்கு உள்ளூர பயம். வாரக்கணக்கில் வாந்தி, சாப்பாடே இறங்கவில்லை, சிரை வழி குளுக்கோஸ் மட்டும் போகிறது என்கிற நோயாளி திடீரென்று குழப்பமாகப் பேசினால், கண் ஒரு மாதிரி ஆடினால், எல்லோரும் டாக்ரோலிமஸ் மூளையைப் பாதித்துவிட்டது என்று ஸ்கேனுக்கு ஓடுவார்கள். தயமின் குறைவும் அப்படியே இருக்கும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஊசி போட வேண்டிய விஷயம் அது. உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது, ஆனால் வேறு யாராவது தேடிவந்து படிக்கக்கூடும் என்று எழுதிவைக்கிறேன்.

#5 · கேள்விக்குறி

"டி குறைந்தால் ஜி.வி.ஹெச்.டி. வரும்" என்பதற்கு ஆதாரமே இல்லை என்று யாரும் முடித்துவிட வேண்டாம். விஷயம் அவ்வளவு நேரானதல்ல.

வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம் டி லிம்போசைட்டுகளுக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்களை முதிரவிடாமல் வைக்கிறது, சண்டையை அடக்கும் ஒழுங்காற்று டி லிம்போசைட்டுகளுக்குக் கைகொடுக்கிறது. அதே வைட்டமின் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. ஆக இது "ஏற்றும்" வைட்டமினும் இல்லை, "இறக்கும்" வைட்டமினும் இல்லை. ஒரு பக்கம் தட்டிக்கொடுக்கும், ஒரு பக்கம் தட்டிவைக்கும்.

மனிதர்களிடம்? பழைய பதிவேடுகளைப் புரட்டிய ஆய்வுகளில் சிலவற்றில் டி குறைந்தவர்களுக்கு ஜி.வி.ஹெச்.டி. அதிகம், சிலவற்றில் வித்தியாசமே இல்லை. உருப்படியாகக் கொடுத்துப் பார்த்த ஒன்று ஸ்பெயினில் நடந்தது, 2016-இல் வெளியானது. 150 பேர், மூன்று குழு. ஒரு குழுவுக்கு எதுவும் கிடையாது, ஒன்றுக்குத் தினம் 1000 யூனிட், ஒன்றுக்கு 5000 யூனிட், மாற்றுக்குச் சற்று முன்பிருந்து நூறாவது நாள் வரை. ஓராண்டில் நாட்பட்ட ஜி.வி.ஹெச்.டி. கொடுக்காத குழுவில் 67.5 சதவீதம், 1000 யூனிட் குழுவில் 37.5, 5000 யூனிட் குழுவில் 42.4. திடீரென்று கிளம்பும் 'அக்யூட்' வகை ஜி.வி.ஹெச்.டி.யில் வித்தியாசம் இல்லை. நோய் திரும்புவதிலும் உயிர் பிழைப்பதிலும் வித்தியாசம் இல்லை.

சின்ன ஆய்வு, ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஐந்து மடங்கு கொடுத்தும் கூடுதல் பலன் வரவில்லை. கொடுத்தது வருமுன் காக்க, வந்த பிறகு தீர்க்க அல்ல. தம்பிக்கு வந்தாயிற்று. இப்போது டி-யைச் சரிசெய்தால் ஜி.வி.ஹெச்.டி. அடங்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வைட்டமின் ஏ கதை இன்னும் சுவாரசியம். அதிலிருந்து உண்டாகும் ரெட்டினாயிக் அமிலம்தான் டி லிம்போசைட்டுகளைக் குடலைத் தேடிப் போக வைக்கும் ஏற்பிகளை உருவாக்குகிறது. அப்படியானால் ஏ அதிகமானால் குடல் ஜி.வி.ஹெச்.டி. கூட வேண்டும். எலிகளில் அப்படிப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் மாற்று செய்துகொண்ட குழந்தைகளில் ஏ குறைந்தவர்களுக்குத்தான் குடல் ஜி.வி.ஹெச்.டி.யும் ரத்தத் தொற்றும் அதிகம் தெரிந்தது, ஏனென்றால் குடல் சுவரைக் கெட்டியாக வைக்கவும் அதே வைட்டமின் வேண்டும். அப்புறம் குழந்தைகளுக்கு மாற்றுக்கு முன் ஒரே ஒரு பெரிய டோஸ் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. நாட்பட்ட ஜி.வி.ஹெச்.டி. குறைந்தது, அக்யூட் வகையில் தெளிவான வித்தியாசம் நிரூபணமாகவில்லை. எலியில் ஒன்று, குழந்தையில் வேறொன்று. பெரியவர்களுக்கு என்ன என்று இதைவைத்துச் சொல்லிவிட முடியாது.

#6 · வேம்பு

அப்படியானால் டி, ஏ கொடுப்பது நல்லதுதானே? நான் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

#7 · கேள்விக்குறி

குறைவைச் சரிசெய்வது வேறு, இயல்பாக இருப்பதன் மேல் கொட்டுவது வேறு. டி அதிகமானால் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினால் சிறுநீரகம் அடிவாங்கும். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே அந்தச் சிறுநீரகத்தைத்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஏ கல்லீரலில் தங்கும், அளவு மீறினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறித் தலைவலி வரும், அப்போது இது மாத்திரையாலா, டாக்ரோலிமஸாலா, தொற்றா என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

சி சிறுநீரில் போய்விடும் என்றீர்களே. நிறைய ரத்தம் ஏற்றிய நோயாளியின் உடம்பில் இரும்பு தேங்கியிருக்கும். அதிக அளவு சி அந்த இரும்பைக் கிளப்பிவிடும், இதயத்துக்கு நல்லதல்ல. சிறுநீரில் ஆக்சலேட் படிந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆனால் இதே சி உண்மையிலேயே குறைந்துபோய் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால், அதை வாய் ஜி.வி.ஹெச்.டி. என்றும் நினைத்துவிடலாம். ஆக அளந்து பார்த்துக் கொடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

#8 · மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி. பழையகட்டில் அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

ஃபைலைத் தேடினேன். மாற்றுக்கு முன் எடுத்த வைட்டமின் டி 38 என்று இருக்கிறது! அப்படியானால் 38-லிருந்து 11-க்கு விழுந்திருக்கிறது அல்லவா? மலம் சரியாகத்தான் போகிறதாம். கல்லீரல் பரிசோதனையில் வரும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் அதிகம், கல்லீரலிலும் ஜி.வி.ஹெச்.டி. வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. முடி கொட்டியதற்கு பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை ஒன்று அவனாகவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

#9 · நுண்ணோக்கி

பயோட்டின் என்ற வார்த்தையைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். ஆய்வகத்தில் வேலை.

முதலில் அந்த 38. பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது? இரண்டும் ஒரே ஆய்வகமா? சில இடங்களில் நானோகிராம்/மி.லி., சில இடங்களில் நானோமோல்/லிட்டர். நானோகிராமை 2.5-ஆல் பெருக்கினால் நானோமோல். 38 நானோமோல் என்றால் ஏறக்குறைய 15 நானோகிராம்தான். அப்படியானால் பெரிய வீழ்ச்சியே இல்லை. 20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் கணக்கில் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

இப்போது பயோட்டின். பல ஆய்வக இயந்திரங்கள் பயோட்டின், ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் குணத்தை வைத்துத்தான் அளக்கின்றன. நோயாளியின் ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்திருந்தால் அளவீடு கோணிவிடும். வைட்டமின் டி, பி12, ஃபோலேட் போன்றவை உண்மையை விட அதிகமாகக் காட்டும். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.ஹெச்., மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் போன்றவை குறைவாகக் காட்டும். ட்ரோபோனின் தப்பாகக் குறைந்து மாரடைப்பு தவறிப்போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. எல்லா இயந்திரத்திலும் நடக்காது, முறையைப் பொறுத்தது. முடிக்கு விற்கும் மாத்திரைகளில் தேவையைப் போலப் பல நூறு மடங்கு இருக்கும் என்பதுதான் சிக்கல். உங்கள் தம்பியின் பி12 அதிகமாக வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கல்லீரல் பாதிப்பிலும் பி12 ஏறும். எதுவானாலும் மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். மருத்துவமனைக்குக் கட்டாயம் சொல்லுங்கள், டாக்ரோலிமஸ் அளவைக்கூட அப்படிப்பட்ட முறையில் பார்க்கும் இடங்கள் உண்டு.

ஏ குறைவு என்றீர்கள். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எடுத்தார்களா? ஏ-யை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் உடம்பில் அழற்சி இருந்தால் குறைந்துவிடும். கல்லீரலில் கையிருப்பு நிறைய இருந்தாலும் ரத்தத்தில் குறைவாகத்தான் தெரியும். மறுபுறம் சிறுநீரகம் சரியில்லை என்றால் அதே புரதம் தேங்கி அளவு அதிகமாகத் தெரியும். சி.ஆர்.பி., சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டும் பக்கத்தில் இல்லாமல் ஏ-யைப் படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

அல்கலைன் பாஸ்படேஸ் கல்லீரலிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். டி ரொம்ப நாள் குறைந்து எலும்பு மென்மையானால் இது ஏறும். ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் என்சைமைப் பாருங்கள். அதுவும் கூடவே ஏறியிருந்தால் கல்லீரல் பக்கம் சந்தேகம். ஜி.ஜி.டி. சாதாரணமாக இருந்தால் எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

#10 · நீலக்குடை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்), தன் செல்லையே திருப்பிக் கொடுக்கும் மாற்று. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

#11 · உணவுத்தட்டு

சொந்த செல் என்பதால் அந்த அர்த்தத்தில் ஜி.வி.ஹெச்.டி. கவலை இல்லை, நீலக்குடை. ஆனால் மைலோமாவில் எலும்புக்கு சோலெட்ரோனிக் அமில ஊசி போடுவார்கள். டி குறைவாக இருக்கும்போது அதைப் போட்டால் கால்சியம் சட்டென்று இறங்கலாம், விரல் மரத்துப்போகும், தசை இழுக்கும். ஊசிக்கு முன் டி, கால்சியம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மழைக்குருவி, எனக்கு ஜி.வி.ஹெச்.டி.யை விட அந்த 11-இல் உறுத்துவது எலும்புதான். ஸ்டீராய்டு ஆரம்பித்த முதல் சில மாதங்களில் எலும்பு வேகமாகக் கரையும், டி-யும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். எலும்பு அடர்த்தி ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். தொடைத் தசை பலவீனமாகி உட்கார்ந்த இடத்திலிருந்து எழச் சிரமப்பட்டால் ஸ்டீராய்டு என்றே எல்லோரும் சொல்வார்கள், டி குறைவும் அதையே செய்யும். இடுப்பு மூட்டில் வலி வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், ஸ்டீராய்டில் அங்கே எலும்பு செத்துப்போவது உண்டு.

மெக்னீசியமும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்ரோலிமஸ் அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். வைட்டமின் டி உடம்பில் செயல்படும் வடிவமாக மாற மெக்னீசியம் வேண்டும். அது இல்லாமல் டி மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன்.

#12 · நுண்ணோக்கி

மறக்கும் முன் ஃபோலேட் பற்றி. ஜி.வி.ஹெச்.டி. வராமலிருக்க மாற்றுக்குப் பின் சில நாள் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பார்கள், அது ஃபோலேட் பாதையை அடைக்கும் மருந்து. அந்த நாட்களில் யாராவது வீட்டிலிருந்து ஃபோலிக் அமில மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது சரியல்ல. ஃபோலினிக் அமிலம் தேவைப்பட்டால் நேரம் பார்த்து அவர்களே கொடுப்பார்கள். நுரையீரல் தொற்றுக்குத் தடுப்பாகப் போகும் கோட்ரிமாக்சசோலும் அதே பாதையில்தான் கைவைக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். மாற்றுக்குப் பின் சிலருக்குப் புதிய நோய் எதிர்ப்பு மண்டலம் சிவப்பணுக்களையே உடைக்கும். ஹீமோகுளோபின் இறங்கும், எல்.டி.ஹெச்., பிலிருபின் ஏறும். டாக்ரோலிமஸால் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டாலும் அதே படம். பி12 மிகக் குறைந்தாலும் அதே படம்! அணுக்கள் மஜ்ஜைக்குள்ளேயே உடைவதால். கூம்ப்ஸ் சோதனையும் (சிவப்பணுக்கள் மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) ரெட்டிகுலோசைட் (புதிதாக வரும் இளம் சிவப்பணு) எண்ணிக்கையும் பார்த்தால் வழி தெரியும்: எதிர்ப்பு மண்டலம் உடைத்தால் கூம்ப்ஸ் பெரும்பாலும் பாசிட்டிவ், ரெட்டிகுலோசைட் ஏறும், பி12 குறைவில் கூம்ப்ஸ் நெகட்டிவ், ரெட்டிகுலோசைட் ஏறாது. ஒன்றுக்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், இன்னொன்றுக்கு பி12 ஊசி போதும். நீண்ட நாள் அமிலக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஜி.வி.ஹெச்.டி. வந்தவர்கள் பி12-ஐ ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

#13 · வேம்பு

சரி, காளான் மாத்திரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் சாதாரண மல்டிவைட்டமின் ஒன்று தினமும் போட்டால்கூடவா தப்பு?

#14 · பழையகட்டில்

தப்பு என்று இல்லை, பல இடங்களில் அவர்களே எழுதித் தருவார்கள். ரத்தம் நிறைய ஏற்றியவர் என்றால் இரும்புச் சத்து இல்லாததாகப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் டப்பாவைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுவது என் பழக்கம்.

#15 · மழைக்குருவி

ஓ.பி.க்குக் காத்திராமல் நர்ஸ் எண்ணுக்கு அழைத்துப் பேசினேன். பயோட்டினை உடனே நிறுத்தச் சொன்னார்கள். பழைய 38 நானோமோல்தான்! இரண்டு ஆய்வகம், இரண்டு அலகு. ஜி.ஜி.டி. இயல்பாக இருக்கிறதாம், ஆனாலும் கல்லீரலைத் தொடர்ந்து கவனிப்பார்கள். சி.ஆர்.பி. கொஞ்சம் அதிகம், அதனால் ஏ-யை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்கிறார்கள். டி மாத்திரையும் கால்சியமும் எழுதியிருக்கிறார்கள். டி எப்போது மறுபடி பார்க்க வேண்டும்? தம்பி அடுத்த வாரமே பார்க்கலாம் என்கிறான்.

#16 · நுண்ணோக்கி

அடுத்த வாரம் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ரத்தத்தில் நாம் அளக்கும் அந்த 25-ஹைட்ராக்ஸி வடிவத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) இரண்டு மூன்று வாரம். அளவு ஒரு நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். உறிஞ்சுவதில் சந்தேகம் இருந்தால் டாக்டர் முன்னதாகவே பார்ப்பார். கால்சியம், கிரியாட்டினின், மெக்னீசியம் எப்படியும் டாக்ரோலிமஸுக்காக அடிக்கடி எடுப்பார்கள், அதிலேயே தெரிந்துவிடும். இடையில் தாகம் அதிகமாகி, மலச்சிக்கலும் குமட்டலும் சேர்ந்து வந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம், அப்போது உடனே அழையுங்கள். ஒரே ஆய்வகத்திலேயே கொடுங்கள்.